மார்மன்களோடு பழகிய அனுபவம்: மனதைவிட்டுப் போகாத ஒன்றை எழுதுங்கள்

லீஹைவாசி:

யூட்டாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு மார்மன்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-இல் அமெரிக்காவில் தொடங்கிய சபையார், பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாக வைத்திருப்பவர்கள். காபி, டீ கிடையாது, வருமானத்தில் பத்தில் ஒன்று சபைக்கு, பையன்கள் 18 வயதானதும் இரண்டு வருட ஊழியத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். என் டீம் லீட் ஐந்தாவது தலைமுறை மார்மன். ஒரு சனிக்கிழமை இரவு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

பிள்ளைகள் தூங்கப் போனதும் தன் வேதப் புத்தகத்தை எடுத்து, அதன் ஒரு பகுதியான ஆபிரகாமின் புத்தகத்தில் வரும் முதல் படத்தை விரித்தார். கட்டிலில் ஒருவன் படுத்திருக்க, பக்கத்தில் கத்தியோடு ஒருவன் நிற்கும் படம். ஆபிரகாமைப் பலியிடப் போகும் பூசாரி என்று ஜோசப் ஸ்மித் 1842-இல் விளக்கம் எழுதி அச்சிட்டது. அதன் பக்கத்தில் தன் போனை வைத்தார். போனில் அந்தப் படத்தின் மூலமான எகிப்திய பாப்பிரஸ், அதாவது பழைய நாணல் தாள். நிற்பவனின் தலை இருக்க வேண்டிய இடம் அதில் கிழிந்து போயிருந்தது.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1835-இல் ஒஹாயோவின் கர்ட்லாண்டில் நான்கு மம்மிகளோடு 2,400 டாலருக்கு வாங்கிய சுருள்கள். அவற்றிலிருந்து மொழிபெயர்த்ததுதான் ஆபிரகாமின் புத்தகம் என்றார் ஜோசப் ஸ்மித். 1871 சிகாகோ தீயில் எரிந்துபோயின என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1966-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சில துண்டுகள் அகப்பட்டு, அடுத்த வருடம் சபையிடமே வந்து சேர்ந்தன. எகிப்திய எழுத்து படித்தவர்கள் பார்த்தால், அது ஹோர் என்ற தீப்ஸ் நகரப் பூசாரிக்காக எழுதிய சாவுச் சடங்கு நூல். தாலமி மன்னர்கள் காலத்தது. ஆபிரகாம் பெயரே அதில் இல்லை. அந்தத் துண்டுகளில் உள்ள எழுத்து ஆபிரகாமின் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று சபையும் 2014-இல் ஒரு கட்டுரை எழுதி ஒப்புக்கொண்டது.

"நீ எங்கள் ஆள் இல்லை. இதில் உனக்குப் போவதும் ஒன்றுமில்லை, வருவதும் ஒன்றுமில்லை. பார்த்துச் சொல், என்ன தெரிகிறது?" என்றார். கிழிந்த இடத்தில் யாரோ தலையும் கத்தியும் வரைந்து நிரப்பியிருக்கிறார்கள் என்றேன். "சரி" என்று புத்தகத்தை மூடினார். மறுநாள் ஞாயிறு சபையில் பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். அவர் மனைவி தெரிவித்தார். என் வாயிலிருந்து அவர் எதைக் கேட்க விரும்பினார்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பனிக்குன்று:

என்னுடையது சின்னது. ரோச்செஸ்டரில் இருந்தபோது பால்மைரா பக்கம் குமோரா குன்றுக்குப் போனோம். மார்மன் புத்தகத்தின் மூலம் என்று அவர்கள் நம்பும் தங்கத் தகடுகளை 1827-இல் ஜோசப் ஸ்மித் எடுத்ததாகச் சொல்லும் குன்று. என் கணவர் நிலவியல் படித்தவர். காரை நிறுத்துமுன்பே "இது டிரம்லின்" என்று சொல்லிவிட்டார். பனியாறு இழுத்து வந்த மண்ணும் கல்லும் குவிந்த நீள்மேடு. அந்த வட்டாரம் முழுக்க வடக்கு தெற்காக அப்படியே வரிசையாக இருக்கிறது.

அங்கே சுற்றிக்காட்ட வந்தவர் ஒரு வயதான ஊழியக்காரம்மா. மார்மன் புத்தகத்தின் கடைசிப் போரில் குமோராவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் செத்ததாக வருகிறதே, எலும்போ ஆயுதமோ கிடைத்திருக்கிறதா என்று இவர் நேராகக் கேட்டுவிட்டார். அந்தம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. போர் நடந்த குமோரா மெக்சிகோ பக்கம் என்று எங்கள் அறிஞர்களே பலர் சொல்கிறார்கள் என்றார். பிறகு, "நான் பள்ளியில் புவியறிவியல் நடத்தியவள். இது டிரம்லின் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். பனியாறு இந்த மேட்டைப் போட்டுவிட்டுப் போனது பத்தாயிரம் வருடத்துக்கும் முன்னால். அந்தப் போரில் தப்பிய மரோனி தகடு புதைத்தது கி.பி. 421-ஐ ஒட்டி. இரண்டுக்கும் என்ன சண்டை?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். வீடு வரும்வரை இவர் பேசவேயில்லை.

நெல்லைச்சீமை:

லீஹைவாசி தம்பி, என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உங்களுக்கு வருகிறேன்.

டல்லாஸ் அபார்ட்மெண்டில் வெள்ளைச் சட்டை, பெயர்ப் பட்டையோடு இரண்டு பையன்கள் கதவைத் தட்டினார்கள். நான் சிஎஸ்ஐ, ஊரில் அப்பா சபை மூப்பர். உட்காரவைத்து, அவர்களுடைய மார்மன் புத்தகத்தில் 2 நேபி என்ற பகுதியின் 12-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். என் கிங் ஜேம்ஸ் பைபிளில் ஏசாயா 2-ஐத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அங்கே 12 முதல் 24 வரை, இங்கே 2 முதல் 14 வரை. 1611-இன் ஆங்கிலம் அங்கங்கே சின்ன மாற்றத்தோடு அப்படியே ஓடுகிறது. சின்னவன் இரண்டு புத்தகத்திலும் ஒவ்வொரு விரலை வைத்து, உதடு அசைய வசனம் வசனமாக நகர்த்தினான். பாதியில் விரல் நின்றது. பெரியவனை நிமிர்ந்து பார்த்தான். பெரியவன் கடிகாரத்தைப் பார்த்தான். அந்தச் சின்னப் பையன் முகம் எனக்கு இன்னும் அப்படியே நிற்கிறது.

இப்போது உங்கள் விஷயம். அவராக மறுபடி எடுக்காமல் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். யூடியூப் வீடியோ எதையும் அனுப்பாதீர்கள். அவர் கேட்டால், சபையே வெளியிட்டிருக்கும் ஜோசப் ஸ்மித் ஆவணத் தொகுப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது, கையெழுத்துப் பிரதிகளின் படங்கள் உட்பட. அதை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். தொல்லியலுக்குள் போகாமல் வேத வசனத்தில் நில்லுங்கள், அதுதான் அவருக்குப் பழகிய நிலம். மார்மன் புத்தகப்படி லேகி என்பவரும் அவர் மகன் நேபியும் குடும்பத்தோடு எருசலேமைவிட்டுப் புறப்பட்டது கி.மு. 600 வாக்கில், பிறகு கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள பகுதி பாபிலோன் சிறையிருப்புக் காலத்தது என்பது பெரும்பாலான வேத ஆய்வாளர்கள் முடிவு. அந்த ஏசாயாவின் 48, 49 அதிகாரங்கள் 1 நேபியில் எப்படி வந்தன? இது ஒன்றே போதும், பொறுமையாகப் பேசலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் நம்பிக்கையை விட்டால் விட்டுப்போவது கொள்கை மட்டுமில்லை. கோயில் அனுமதிச் சீட்டு இல்லாதவர் சொந்த மகள் கல்யாணத்தைக்கூட அவர்கள் கோயிலுக்குள் போய்ப் பார்க்க முடியாது. மனைவி, அப்பா அம்மா, பையனின் ஊழியம் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. அதனால் அவசரப்படுத்த வேண்டாம். உங்கள் கோயிலுக்கோ, என் சபைக்கோ உடனே கூப்பிடவும் வேண்டாம். முதலில் மார்மன் புத்தகத்தை நீங்கள் முழுக்க ஒருமுறை வாசியுங்கள்.

சலாலா சாரல்:

அண்ணாச்சி, நீங்கள் வசனத்தைப் பார்க்கிறீர்கள். நான் அந்த வசனத்தைத் தேடி வந்த மனிதர்களைப் பார்த்தவன். ஓமனில் சலாலாவில் ஹோட்டல் வேலை. கரீஃப் மழை முடிந்து மலையெல்லாம் பச்சையாக இருந்த நேரம், அமெரிக்காவிலிருந்து ஒரு வயதான கூட்டம் வந்து தங்கியது. காலையில் ஒருத்தரும் காபி கேட்கவில்லை. எல்லோருக்கும் ஹாட் சாக்லேட்.

அவர்கள் போக நினைத்தது ஏமன் எல்லைப் பக்கமுள்ள கோர் கர்ஃபோத் கடற்கரை. சாலை கிடையாது, படகுதான். உதவிக்கு ஆள் குறைவென்று என்னையும் ஏற்றிவிட்டார்கள். நேபி கப்பல் கட்டிய செழிப்பான நிலம் அதுதான் என்பது அவர்களில் பலருடைய நம்பிக்கை. கரையில் இறங்கியதும் ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு 1 நேபி 17-ஐச் சத்தமாக வாசித்தார். அவர் மனைவி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். நன்னீர், சரி. கப்பலுக்கு மரம், சரி. மலை, சரி. தேன் என்று வந்ததும் என்னைப் பார்த்தார். "இங்கே காட்டுத் தேன் உண்டா?" இந்தத் தோஃபார் வட்டாரத் தேன் சந்தையில் கிடைக்குமே என்றேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

ஏமனில் மாரிப் பக்கம் ஒரு கோயிலில் ஜெர்மன்காரர்கள் தோண்டியெடுத்த பலிபீடக் கல்லில், கி.மு. 7, 6-ஆம் நூற்றாண்டு வாக்கில், 'நிஹ்ம்' என்ற குலப் பெயர் வெட்டியிருக்கிறதாம். லேகி குடும்பத்தோடு வந்த இஸ்மவேல் என்பவரை அடக்கம் செய்ததாக மார்மன் புத்தகம் சொல்லும் 'நாகோம்' அதுதான் என்றார் அந்தம்மா. 1830-இல் நியூயார்க் கிராமத்துப் பையனுக்கு இந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று என்னிடமே கேட்டார். எனக்கு வரலாறு தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜீனோம் அக்கா:

தம்பி, கல்வெட்டு உண்மைதான். ஆனால் அந்த வட்டாரப் பெயர் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடங்களிலேயே இருக்கிறது. நீபுர் என்ற பயணி 1760-களில் ஏமன் போய்வந்து வரைந்த படத்திலும் உண்டு. ஜோசப் ஸ்மித் அதைப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. எவருக்கும் தெரிந்திருக்கவே முடியாத பெயர் என்ற வாதம் நிற்காது, அவ்வளவுதான்.

பெரிய கேள்வி அரேபியாவில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது: புத்தகத்தில் வரும் மக்களும் ஊர்களும் அங்கே நிஜமாக இருந்தனவா? அந்தக் கேள்வியைத் தீர்க்கத்தான் தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்குசன் என்ற மார்மன் வழக்கறிஞர் 1952-இல் ஒரு தொல்லியல் அமைப்பையே தொடங்கினார். சபைப் பணத்தில் மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் வருடக்கணக்காகத் தோண்டினார்கள். சியாபா டி கோர்சோ, இசாபா பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் உழைப்பு. நல்ல தொல்லியல். நேபியின் வழிவந்த நேபியரின் ஊர் என்று காட்ட மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. புத்தகத்தில் குதிரை ஓடுகிறது, எஃகு இருக்கிறது, கோதுமை விளைகிறது. அமெரிக்கக் குதிரை இனம் பனியுகத்தின் முடிவை ஒட்டி அழிந்துவிட்டது, ஐரோப்பியர் கொண்டுவந்துதான் திரும்ப வந்தது. ஃபெர்குசனே கடைசியில் நம்பிக்கை இழந்தார்.

என் அனுபவம் சால்ட்லேக்கில் ஒரு மரபணு ஆய்வகத்தில். மார்பகப் புற்றுநோய் மரபணு பிஆர்சிஏ1-ஐ 1994-இல் பிரித்தெடுத்தது யூட்டா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு. மார்மன்கள் எழுதிவைத்த வம்சாவளிகள் இல்லாமல் அது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. பெரிய குடும்பங்கள், தெளிவான பதிவுகள். ஒருநாள் பயிற்சி வகுப்பில் திரையில் ஒரு வம்ச மரம். சதுரம் ஆண், வட்டம் பெண். ஒரு சதுரத்திலிருந்து மூன்று வட்டங்களுக்குக் கோடு போகிறது. எல்லோரும் பேசாமல் இருந்தோம். பக்கத்தில் இருந்த மார்மன் தோழி, "எங்கள் வீட்டு மரமும் இப்படித்தான். நான் இரண்டாவது வட்டத்தின் வழி" என்று சாதாரணமாகச் சொன்னாள். சபை 1890-இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்ததற்கு முந்தைய தலைமுறை.

பழங்குடிகளின் மூதாதையர் வடகிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று காட்டும் தரவும் அவள் மேசைக்குத்தான் தினமும் வரும். லேகியின் சந்ததி அமெரிக்க இந்தியருக்கு முதன்மை மூதாதையர் என்று மார்மன் புத்தகத்தில் இருந்த முன்னுரை வரியைச் சபை 2006-ஐ ஒட்டி மாற்றியது. மூதாதையரில் அவர்களும் உண்டு என்ற அளவுக்குக் குறைத்தார்கள். அதைப் பற்றி அவளிடம் கேட்டேன். "மாற்றியது எனக்கு நிம்மதி" என்றாள். அதனால் அண்ணாச்சி, இந்த ஒன்றே போதும் என்று எதையும் சொல்லாதீர்கள். தரவு முழுக்கத் தெரிந்தும் சபைக்குப் போகிறவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

பழைய யூட்டாக்காரன்:

நான் மாணவனாக சால்ட்லேக்கில் இருந்தது எண்பதுகளில். 1985 வசந்தத்தில் பத்திரிகையெங்கும் ஒரே பேச்சு. ஜோசப் ஸ்மித்தின் ஆரம்பகால ஆதரவாளர் மார்ட்டின் ஹாரிஸ் 1830-இல் எழுதியதாக ஒரு கடிதம். தகடு எடுக்கப் போன ஜோசப் ஸ்மித்தை ஒரு வெள்ளைச் சாலமாண்டர் உருமாறி அடித்ததாம். தேவதூதன் எங்கே, பல்லி மாதிரி ஒரு பிராணி எங்கே! என் வீட்டுக்கார அம்மா எழுபது தாண்டியவர், 1856-இல் கைவண்டி இழுத்துக்கொண்டு சமவெளியைக் கடந்து யூட்டாவுக்கு வந்த மார்மன்களின் பேத்தி. அந்தச் செய்தியைக் கத்தரித்துத் தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 15 காலையில் நகர மையத்தில் ஜட்ஜ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. இன்னொன்று ஹாலடே பகுதியில் ஒரு வீட்டு வாசலில். இருவர் செத்தார்கள். மறுநாள் மார்க் ஹாஃப்மன் என்ற ஆவண வியாபாரி தன் காரிலேயே குண்டு வெடித்துக் காயம்பட்டார். குண்டு வைத்ததும் அவர், கடிதத்தை எழுதியதும் அவர். நிபுணர்கள் பலரும் அசல் என்று சொன்ன கடிதம். கடைசியில் இரண்டு ஆய்வாளர்கள் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது மை முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது. செயற்கையாகப் பழசாக்கிய மை. 1987 ஜனவரியில் ஹாஃப்மன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இனி அந்தச் செய்தித் துண்டைத் தூக்கிப்போட்டிருப்பார் என்று நினைத்துக் கேட்டேன். புத்தகத்தைத் திறந்து காட்டினார், இருந்தது. "இது பொய் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் நிஜம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க நான் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனேன். அதை மறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்" என்றார். ஜீனோம் அக்கா சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனால் அது நிம்மதி மட்டுமில்லை. அந்த அம்மா அந்த மாதங்களில் இரவு தூங்கவில்லை, மேல்மாடியில் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

குடும்பமரம்:

வம்சாவளி பற்றி வந்ததால் எழுதுகிறேன். சால்ட்லேக்கில் அவர்களுடைய குடும்ப வரலாற்று நூலகத்தில் மெட்ராஸ் மறைமாவட்டத்துத் திருச்சபைப் பதிவேடுகளின் படங்கள் இருக்கின்றன. கொள்ளுப்பாட்டனின் திருமணப் பதிவைத் தேடி எடுத்தேன். தொழில் என்ற கட்டத்தில் இருந்த கிறுக்கல் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த தன்னார்வலர் பழைய கையெழுத்து படிப்பதில் பழக்கப்பட்டவர், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு "பட்லர்" என்று வாசித்தார். எங்கள் குடும்பத்தில் உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாத விஷயம் அது.

நெல்லைச்சீமை:

அவர்கள் இதையெல்லாம் ஏன் சேர்க்கிறார்கள் தெரியுமா? செத்தவர்களுக்குப் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் கொடுக்க. யூதப் படுகொலையில் இறந்தவர்கள் பெயர்களையும் சேர்த்துப் பெரிய பிரச்சினையாகி, 1995-இல் யூத அமைப்போடு ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. பெயரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

குடும்பமரம்:

தெரியும் அண்ணாச்சி. சொந்த வம்சத்தார் பெயர்களை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் விதி. என்னிடம் எதையும் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை. போக நினைப்பவர்களுக்கு: மைக்ரோஃபிலிம் மூலப் பிரதிகள் இருக்கும் கிரானைட் மலைப் பெட்டகத்துக்குப் பொதுமக்களை விடமாட்டார்கள். நூலகம் டெம்பிள் சதுக்கத்துக்கு மேற்கே, எதிர்ப்புறம். கட்டணம் இல்லை, ஞாயிறு விடுமுறை. ஊர் பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.