வரங்களைக் கண்டறியும் கேள்வித்தாள் நிரப்பியாயிற்று, அடுத்து என்ன செய்வது?

வாலிபர் ஐக்கியச் செயலர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது சுமார் 80 குடும்பங்கள் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. வாலிபர் ஐக்கியமும் பெண்கள் ஐக்கியச் சங்கமும் சேர்ந்து பரிசுத்த ஆவியானவர் ஊழியத்துக்காகத் தரும் ஆவிக்குரிய வரங்களைப் பற்றி மூன்று வாரம் வேதபாடம் நடத்தி, முடிவில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தோம். 46 பேர் நிரப்பித் தந்தார்கள். பாதிக்கு மேல் போதித்தல், உபசரித்தல் என்றே வந்திருக்கிறது. ஆளுகை (நிர்வகித்து நடத்தும்) வரம் இரண்டே பேருக்கு. தாள்கள் அலமாரியில் கிடக்கின்றன.

கேட்க நினைப்பது நான்கு. இந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்? இதிலிருந்து ஒருவரை எப்படி ஊழியத்தில் வைப்பது? போதிக்கும் வரம் இருப்பதாகத் தாளில் வந்தும் வகுப்பு எடுபடாதவரிடம் எப்படிச் சொல்வது? சில பிள்ளைகள் "அந்நியபாஷை வந்தால்தான் வரம்" என்கிறார்கள் (அந்நியபாஷை என்றால் ஆவியால் கற்காத மொழியில் பேசுவது), அவர்களுக்கு என்ன பதில்? அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

உக்கிராணம்:

தம்பி, முதலில் மதிப்பெண். இந்த மாதிரிக் கேள்வித்தாள்கள் 1970-களில் அமெரிக்கச் சபைகளில் பரவியவை. வழக்கமான அமைப்பில் ஒரு வரத்துக்கு ஐந்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, ஆக உச்சம் 15. ஒருவருக்கு இதுவரை என்ன செய்யக் கிடைத்தது, எதன்மேல் ஆசை என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும். சபைக் கணக்கு நோட்டை ஒருநாளும் தொட விடப்படாத பெண்ணுக்கு ஆளுகையில் 3 வந்தால், அவளுக்கு அந்த வரம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். உபசரித்தலும் அப்படித்தான். நம் வீடுகளில் வந்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்பமாட்டோம், அதனால் அக்காமார் எல்லாருக்கும் 12, 13 வரும். அது வளர்ப்பு. அதை வரமென்று முத்திரை குத்தி, ஏற்கெனவே அடுக்களையில் நிற்கிறவர்களையே மறுபடி அடுக்களைக்கு அனுப்புவது பெரிய அநியாயம்.

அடுத்து, தாளில் இருக்கிற வரங்கள்தான் மொத்த வரங்கள் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். ரோமர் 12:6-8-ல் ஏழு, 1 கொரிந்தியர் 12:8-10-ல் ஒன்பது, அதே அதிகாரம் 28-ஆம் வசனத்தில் எட்டு, எபேசியர் 4:11-ல் ஊழியர்கள், 1 பேதுரு 4:11-ல் போதித்தல், உதவிசெய்தல் என்று இரண்டே வகை. ஒரு பட்டியல்போல் இன்னொன்று இல்லை. ஐந்தையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் செய்யுங்கள், "என் வரம் இந்தப் பட்டியலில் எத்தனையாவது?" என்ற தேடல் தானாக அடங்கிவிடும்.

அதோடு 1 பேதுரு 4:10-ஐ நிறுத்தி வாசியுங்கள். வரம் பெற்றவர்களை நம் வேதாகமம் 'நல்ல உக்கிராணக்காரர்' (சரக்கறைப் பொறுப்பாளர்) என்கிறது. தென்மாவட்டத்துச் சபைகளில் அசனம் (சபை விருந்து) நடக்கும்போது உக்கிராணச் சாவி வைத்திருப்பவரைக் கவனித்திருப்பீர்கள். அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின், புளி எந்தச் சாக்கில் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அதில் ஒரு படிகூட அவருடையது கிடையாது. சமையல்காரர் கேட்ட நேரத்தில் அளந்து கொடுக்காவிட்டால் பந்தி அப்படியே நின்றுபோகும். வரத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி வேலை. 46 பேரையும் ஒரே மாதத்தில் தொடாதீர்கள், முதலில் 10 பேர் போதும். ஒவ்வொருவரிடமும் இரண்டு பேராகப் போய் 20 நிமிடம் பேசுங்கள். மூன்று கேள்வி: சபையில் எந்தக் குறையைப் பார்த்தால் மனசு உறுத்துகிறது? நீங்களாகக் கேட்காமலே பிறர் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள்? எந்த வேலையை முடித்தபின் உடம்பு அலுத்தும் உள்ளம் அலுப்பதில்லை? பிறகு அவரை அறிந்த மூன்று பேரிடம் தனித்தனியாக, "இவரால் உங்களுக்குக் கிடைத்த நன்மை ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். குணத்தைப் புகழ்ந்தால் விட்டுவிடுங்கள். நடந்த காரியத்தைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். மூவரில் இருவர் ஒரே பக்கம் கைகாட்டினால் அந்த ஊழியத்தில் எட்டு வாரம் வையுங்கள். வாரம் இரண்டு மணி நேரம், யாருக்குக் கீழே, எந்தத் தேதியில் முடிகிறது, மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

முடிவுத் தேதியில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் சபைகளில் ஒரு பொறுப்பு கொடுத்தால் சாகும்வரை என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பயந்தே பலர் வரமாட்டேன் என்கிறார்கள்; பொருந்தாதவரை எடுக்கவும் முடிவதில்லை. உதவிக்காரரைப் பற்றி 1 தீமோத்தேயு 3:10 "முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்" என்கிறது. ஒன்பதாவது வாரம் உட்கார்ந்து பேசும்போது யாருக்கும் அவமானம் இருக்காது, ஏற்கெனவே குறித்த தேதிதானே.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:

போதித்தலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நன்றாகப் பேசுகிறவரையெல்லாம் போதிக்கும் வரமுள்ளவர் என்று எடுத்துக்கொள்கிறோம், குழப்பம் அங்கேதான். போதிக்கிறவரைச் சோதிக்கவேண்டிய இடம் பிள்ளைகளின் வாய். வகுப்பு நடந்த அடுத்த ஞாயிறு, வேறொருவர் போய், "போன வாரம் என்ன படித்தீர்கள்?" என்று ஐந்து பிள்ளைகளிடம் கேட்கட்டும். மூன்று பேர் கதையைச் சொந்த வார்த்தையில் சொன்னால் விதை விழுந்திருக்கிறது. டீச்சர் சொன்ன வேடிக்கை மட்டும் நினைவிருந்தால், அவர் பேச்சாளர்.

வகுப்பு எடுபடாததற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். 35 நிமிடத்தில் நான்கு கருத்து சொல்ல முயல்வார்கள், ஒன்றே போதும். பிள்ளைகளுக்குப் பேச இடமே இருக்காது. இல்லாவிட்டால் வயது பொருந்தாது: ஆரம்ப வகுப்பில் தடுமாறுகிறவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேள்வி-பதிலில் அருமையாக நிற்பார். ஆகவே உடனே "உங்களுக்கு வரம் இல்லை" என்று சொல்லாமல் ஒருமுறை வகுப்பை மாற்றிப் பாருங்கள். எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரம் பார்க்கட்டும், அடுத்த இரண்டு வாரம் பாட்டும் மனப்பாட வசனமும் மட்டும், பிறகு நான்கு வாரம் பாடம்.

மாற்றியும் சரிவரவில்லை என்றால், அப்பொல்லோ என்ற பிரசங்கியை ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி நடத்தினதுபோல் நடத்துங்கள். அவர் ஜெப ஆலயத்தில் பேசினதைக் கேட்டார்கள், அங்கேயே மறித்துத் திருத்தவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு "அதிக திட்டமாய்" விவரித்தார்கள். அப்போஸ்தலர் 18:26. தனியாக, உட்காரவைத்து, நடந்த இரண்டு காரியத்தைச் சொல்லி, அவருக்குப் பொருந்துகிற வேறொரு வேலையைக் கையோடு கொண்டுபோய்ச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போனால் "எடுத்துவிட்டார்கள்" என்றுதான் அவருக்குக் கேட்கும்.

இன்னொன்று, எவ்வளவு வரமுள்ளவராக இருந்தாலும் பிள்ளைகளோடு ஒருவர் தனியாக இருக்கக்கூடாது. ஒரே வீட்டைச் சேராத இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்கவேண்டும். இதில் யாருக்கும் சலுகை வேண்டாம்.

வாலிபர் ஐக்கியச் செயலர்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. முடிவுத் தேதி எழுதிக் கொடுப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆளுகை வரம் வந்த இரண்டு பேரில் ஒருவர் கல்லூரி மாணவி. "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்" என்ற வசனத்தைப் பார்த்துவிட்டு, "நான் முதலாளி இல்லையே" என்று பின்வாங்குகிறாள்.

கிளார்க் அண்ணன்:

அந்தத் தங்கச்சிக்குச் சொல்லுங்கள்: ரோமர் 12:8-ல் வருகிற 'முதலாளி' முன்நின்று நடத்துகிறவர், கடை முதலாளி இல்லை. 1 கொரிந்தியர் 12:28-ல் 'ஆளுகைகள்' என்று இருக்கிறதே, அதன் கிரேக்கச் சொல் கப்பலைச் செலுத்துவதிலிருந்து வந்தது. அப்போஸ்தலர் 27:11-ல் 'மாலுமி' என்று இருப்பதும் அதே குடும்பத்துச் சொல்தான். கப்பலும் சரக்கும் மாலுமியுடையதல்ல. பாறையில் மோதாமல் கரை சேர்ப்பது அவன் வேலை.

இந்த வரத்தைச் சோதிக்க மேடை வேண்டாம், ஒரு சின்ன நிகழ்ச்சி போதும். விடுமுறை வேதாகமப் பள்ளியின் ஒரே ஒரு நாள் சிற்றுண்டியை அவளிடம் விடுங்கள். 120 பிள்ளைகள் என்றால் எத்தனை டம்ளர், யார் வாங்குவது, எந்த நேரத்தில் எந்த வகுப்பு வெளியே வரும், குப்பை எங்கே போகும் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வரமுள்ளவர் குப்பையை நாமாகச் சொல்லும் முன்பே யோசித்திருப்பார். வேலையைப் பிரித்துக் கொடுக்கிறாரா, எல்லாவற்றையும் தானே தலையில் போட்டுக்கொண்டு மற்றவர்மேல் எரிந்து விழுகிறாரா என்றும் கவனியுங்கள்.

காணிக்கை எண்ணும் பொறுப்பாக இருந்தால் உறவினரல்லாத இரண்டு பேர், நோட்டு வாரியாகச் சீட்டு, இருவர் கையெழுத்து, மறு வேலைநாள் வங்கியில் செலுத்துதல். நம்பிக்கை இல்லாமல் இதைச் செய்வதாக யாரும் வருத்தப்படவேண்டாம். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான பணத்தைத் தனியாக எடுத்துப் போகாமல், சபைகள் நியமித்த சகோதரனையும் கூட்டிக்கொண்டுபோக அப்போஸ்தலனாகிய பவுலே ஏற்பாடு செய்தார். 2 கொரிந்தியர் 8:19-21.

பெத்தானியா:

நான் பெந்தெகொஸ்தே சபைக்காரன், அந்தப் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். அந்நியபாஷையை நாங்கள் கனமாக எண்ணுகிறோம். அதனாலேயே சொல்கிறேன், 1 கொரிந்தியர் 12:30-ல் "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் கேட்பது, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான். வரத்தைப் பகிர்கிறவர் ஆவியானவர், "தமது சித்தத்தின்படியே" என்று 11-ஆம் வசனம் இருக்கிறது. வராதவனை இரண்டாந்தர விசுவாசியாக உட்காரவைக்கிறவர்கள் அந்த வசனத்தோடுதான் சண்டை போடுகிறார்கள்.

கூடுகையில் பயன்படுத்த ஒழுங்கு 14-ஆம் அதிகாரத்திலேயே எண்ணிக்கையோடு இருக்கிறது. அந்நியபாஷையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக. அர்த்தம் சொல்கிறவன் இல்லாவிட்டால் சபையிலே பேசாமல், தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசவேண்டும். தீர்க்கதரிசனமும் இரண்டு மூன்று பேர், மற்றவர்கள் நிதானிக்கவேண்டும். நிதானிப்பு என்ற இந்தக் கடைசிப் பகுதிதான் அநேக இடங்களில் காணாமல் போகிறது. சொன்னதை அன்றே எழுதிவைத்து, இரண்டு மூப்பர்கள் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 14:3-ன் பக்திவிருத்தி, புத்தி (அறிவுரை), ஆறுதல் மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா? யாரைக் கல்யாணம் செய், எவ்வளவு பணம் கொடு, மாத்திரையை நிறுத்து என்று ஒருவர் சொன்னால், அதைச் செய்யவேண்டாம் என்று போதகர் அங்கேயே சொல்லவேண்டும். மாத்திரையை நிறுத்தி உயிர் போனால் திரும்ப வராது.

உக்கிராணம்:

பெத்தானியா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இரக்கம் செய்கிற வரமுள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போதும் அதே எச்சரிக்கை. இருவராகப் போகட்டும், 10 நிமிடம் போதும், கட்டிலில் உட்காரவேண்டாம், நோயாளி களைத்திருந்தால் ஒரு சங்கீதம், சின்ன ஜெபம், எழுந்து வந்துவிடவேண்டும்.

சபைப்பிள்ளை:

ஒரு மாற்றுக் கருத்து. வரம் தெரியட்டும் என்று காத்திருக்கிறவர்கள் எங்கும் பெருகிவிட்டார்கள். கோயில் வளாகத்துக் கழிப்பறை கழுவ, நாற்காலி மடக்க, வயதான பாட்டியை ஆராதனைக்கு ஆட்டோவில் ஏற்றிவர எந்த வரமும் தேடவேண்டாம். அந்த 10 பேரோடு பேசும் முன், எல்லாருக்கும் மாதம் ஒரு ஞாயிறு இந்த முறைவேலை என்று வையுங்கள், கமிட்டிக்காரர்கள் உட்பட. பலருடைய வரம் அங்கேதான் வெளியே தெரியும். நாற்காலி மடக்கும்போது யார் புதிதாக வந்தவரோடு நின்று பேசுகிறார் என்று பாருங்கள்.

வாலிபர் ஐக்கியச் செயலர்:

முறைவேலையை இந்த ஞாயிறே ஐயரிடம் (போதகரிடம்) கேட்கிறேன். கடைசியாக ஒன்று. தாள் நிரப்பினவர்களில் படுக்கையிலிருக்கிற ஒரு பாட்டியும் உண்டு, பேத்தி எழுதிக்கொடுத்தது. எல்லாவற்றிலும் குறைந்த மதிப்பெண். அவர்களுக்கு எட்டு வாரம் என்ன கொடுப்பது?

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:

வாரம் ஏழு பெயர் கொடுங்கள் தம்பி, நாளுக்கு ஒன்று. அட்டையில் பெரிய எழுத்தில், பெயருக்குக் கீழே ஒரே வரி: "பிளஸ் டூ பரீட்சை", "வேலை போய்விட்டது", "இரண்டாம் பிரசவம்" என்று. அந்த வரியை எழுதுமுன் சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேளுங்கள், ஜெபக் குறிப்பு வழியாகத்தான் அநேக வீட்டு விஷயம் ஊருக்குப் போகிறது. சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் போய்ப் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் என்ன நடந்தது என்று பாட்டிக்குச் சொல்லிவிட்டுப் புது அட்டையைக் கொடுக்கவேண்டும். நடந்ததைத் திரும்பப் போய்ச் சொல்ல மறந்துவிடாதீர்கள். அதற்கு ஒரு ஆளின் பெயரை இன்றே எழுதிவையுங்கள்.