ஏரோ இந்தியாவுக்கு அப்பாவோடு போகிறேன்: 70-300 லென்ஸ் போதுமா?

சூலூர்க்காரன்

அடுத்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூரு எலஹங்கா போகலாம் என்றிருக்கிறேன். எங்கள் வீடு சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில். தேஜஸ் போர் விமானங்களும் விமானப்படையின் சாரங் சாகச அணி ஹெலிகாப்டர்களும் தலைக்கு மேல் போவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், ஆனாலும் அப்பா இன்றைக்கும் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு வாசலுக்கு வந்துவிடுவார். 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தபோது, அவர் உடலை முதலில் சூலூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். அன்று முழுக்க அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம்தான், ஒரு தடவையாவது முழு நிகழ்ச்சியையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

என்னிடம் இருப்பது க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) கேனான் கேமரா, 18-55, 70-300 மி.மீ. லென்ஸ்கள். இது போதுமா, இல்லை 150-600 வாடகைக்கு எடுக்கணுமா? அப்புறம், 2024-ல் சென்னை மெரினா விமான சாகச நிகழ்ச்சியில் நடந்த உயிரிழப்புகளை நினைத்து, அப்பாவை அனுப்பவே அம்மா பயப்படுகிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோரம்

மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று நான் இருந்தேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

70-300 தாராளமாகப் போதும். கேனான் க்ராப் சென்சாரில் அது கிட்டத்தட்ட 480 வரைக்கும் போன மாதிரி. 150-600 கனம் அதிகம், பழக்கமில்லாத கை அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதைவிட முக்கியம், 18-55-ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். விமானப்படையின் சூர்ய கிரண் சாகச அணியின் ஒன்பது ஹாக் விமானங்களும் ஒன்றாக வந்து தலைக்கு மேலே பிரியும்போது வானம் முழுக்கப் புகைக் கோடுகளாக விரியும், அது 70-ல் அடங்கவே அடங்காது.

மெரினாவில் நேரம் காலை 11 முதல் 1 வரை. வெயில் உச்சியில், விமானத்தின் அடிப்பக்கம் முழுக்க நிழல். கேமரா பளீரென்ற வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், விமானம் கறுப்பாக விழும். அதனால் எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, விமானம் நம் பக்கம் சாய்ந்து திரும்பும் அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள், அப்போதுதான் மேற்புறத்தில் வெயில் படும், காக்பிட் கண்ணாடி மின்னும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், அந்த மாதிரி இறுக்கமான திருப்பத்தில் இறக்கைக்கு மேலே வெள்ளையாக நீராவி படர்வதும் உண்டு. ஒரு நொடி இருந்தால் அதிகம், அதற்குள் போய்விடும்.

சத்தத்தை நம்பி லென்ஸைத் திருப்ப வேண்டாம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். சத்தம் வந்த இடத்தில் ஜெட் இருக்காது, அதற்கு முன்னால் தேடுங்கள்.

எலஹங்கா வாசி

வாங்க வாங்க. இங்கே மெரினா மாதிரி திறந்தவெளிக் கூட்டம் இல்லை, டிக்கெட் உண்டு. கடைசி இரண்டு நாள் பொதுமக்களுக்கு (2025-ல் பிப்ரவரி 13, 14). ஏடிவிஏ (பறப்பதைப் பார்க்கும் பகுதி) டிக்கெட் என்றால் பறப்பதைப் பார்க்க மட்டும், பொதுப் பார்வையாளர் டிக்கெட்டுக்குக் காசு அதிகம், ஆனால் அரங்குகளுக்குள்ளும் தரையில் நிற்கும் விமானங்களுக்குப் பக்கத்திலும் போகலாம். அப்பாவுக்கு அதையே எடுங்கள். 2025-ல் ரஷ்யாவின் சு-57, அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்கள் இரண்டும் இங்கே வந்திருந்தன. எஃப்-35-ன் மூக்கில் தகடுகள் சேரும் இடம் ரம்பப் பல்லாட்டம் வெட்டியிருக்கும், இதையெல்லாம் வானத்தில் பறக்கும்போது பார்க்க முடியாது.

காலையும் பிற்பகலும் தனித்தனியாகப் பறப்பார்கள். ஓடுபாதையிலிருந்து கிளம்பும் படம் வேண்டுமானால் காலையில் எடுத்துவிடுங்கள். வெயில் ஏற ஏற தரையிலிருந்து கானல் எழும்பும், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் நெளிந்துதான் வரும்.

நம் விமானப்படையின் சு-30 போர் விமானத்தை மட்டும் தயவுசெய்து கொஞ்ச நேரம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். எஞ்சின் வாயே திரும்பும் விமானம் அது. மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, வேகமே இல்லாமல், விழப்போகிறதோ என்று நினைக்கும்போது சுழன்று எழும். போட்டோவில் அது சாதாரணமாக நிற்கும் விமானமாகத்தான் தெரியும்.

பெல்லாரி ரோட்டில் அந்த நாட்களில் வண்டி நகராது. விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

நர்ஸம்மா

தம்பி, படத்தை விடுங்க, அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். மெரினாவில் அன்று ஐந்து உயிர் போனது. வெயில், கூட்டம், தண்ணீர் கிடைக்காதது, நிகழ்ச்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ரயிலுக்கும் ரோட்டுக்கும் போனது, எல்லாம் சேர்ந்துதான். அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்காக அவரைக் கூட்டிப் போகாமல் இருக்க வேண்டாம்.

பிப்ரவரி பெங்களூரு வெயில் உடம்புக்குத் தெரியாது, காற்று குளிர்ச்சியாக இருக்கும், அதனாலேயே தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தொப்பி, காதுக்குப் பஞ்சு, பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதுவும் கையில். முதலுதவி இடம் எங்கே என்று உள்ளே போனதுமே பார்த்து வையுங்கள். முடிந்தவுடன் ஓட வேண்டாம், ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து கூட்டம் கலைந்தபின் கிளம்புங்கள்.

சூலூர்க்காரன்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதியதை அப்படியே அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டேன், அரை மனதாகச் சம்மதித்திருக்கிறார். ஒரே ஒரு கேள்வி. ஜெட்டுக்கு ஷட்டர் வேகமாக வைக்கணும் என்பது புரிகிறது, ஹெலிகாப்டருக்கும் அதேதானா? சாரங் வருமா?

கடலோரம்

இல்லை, அதற்கு வேறு. ஜெட்டுக்கு 1/1600-க்கு மேல் போங்கள். ஹெலிகாப்டருக்கு அந்த வேகம் வைத்தால் விசிறி அப்படியே உறைந்து, பொம்மையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். 1/200 பக்கம் வைத்து, உடம்பை இடுப்பிலிருந்து திருப்பிக் கூடவே போங்கள். மெரினாவில் பழைய டகோட்டா பறந்ததே, அந்த மாதிரி புரொப்பெல்லர் விமானங்களுக்கும் இதுதான். பாதிப் படம் ஆடித்தான் வரும், அதனால் நிறைய எடுங்கள்.

சாரங்கை நம்பிப் போகாதீர்கள். போர்பந்தரில் ஒரு துருவ் ஹெலிகாப்டர் விழுந்த பிறகு, சாரங் அணியும் ஓட்டும் அந்த வகை ஹெலிகாப்டர்களை நிறுத்தி வைத்திருந்ததால் 2025 ஏரோ இந்தியாவில் அவர்கள் பறக்கவில்லை. ஆனால் உங்களுக்கு என்ன கவலை, அந்த அணியின் தளமே சூலூர்தானே. ஒன்று மட்டும், தளத்தையோ சுற்றுச்சுவரையோ படம் எடுத்துவிடாதீர்கள், தடை உண்டு. 1/200-ஐக் கோவை டவுன் பஸ்களை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள், ரோட்டோரம் நின்றால் நாள் முழுக்க வரும்.