புதுப்பிப்பு: கோர்சேர் வரும்வரை எதை ஓட்டுவது?

(2025இல் கோர்சேர் வெளியாவதற்கு முன் எழுதியது.) டிசிஎஸ் என்ற கணினி விமான சிமுலேட்டரில், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படைப் போர்விமானமான எஃப்4யூ-1டி கோர்சேர் வரும்வரை எதில் கை பழகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் அதே காலத்து அமெரிக்கப் போர்விமானமான பி-47 என்றார்கள். அதையே பிடித்துக்கொண்டேன். இரண்டிலும் ஒரே குடும்ப எஞ்சின்தான்: பிராட் அண்ட் விட்னி ஆர்-2800, 18 சிலிண்டர், 2000 குதிரைத்திறன். என்ன, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தர பி-47இல் வெளியேறும் புகையால் சுழலும் டர்போ இருக்கிறது. கோர்சேரில் அதே வேலைக்கு, எஞ்சினே சுழற்றும் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர். லீவர் பழக்கம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு ஆவலே கோர்சேரை விமானந்தாங்கிக் கப்பலில் இறக்குவதில்தான். நீண்ட மூக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கும். நேராக வந்தால் தளமே தெரியாது. பிரிட்டிஷ் கடற்படை விமானிகள் இடப்பக்கம் வளைந்தபடியே வந்து, கடைசி நொடியில் இறக்கையை நிமிர்த்தி இறங்கினார்கள். இப்போது பி-47ஐ ஓடுபாதையில் அப்படித்தான் இறக்கிப் பார்க்கிறேன். ஓடுபாதை நகராது என்பதால் இது பாதிப் பயிற்சிதான், சரி.

இன்னொன்று, வேகம் குறைந்தால் கோர்சேரின் இடது இறக்கை முதலில் ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசையை இழந்து, சட்டென்று சரியும். அதைச் சமன்செய்ய வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னப் பட்டையை ஒட்டினார்கள். நிஜ விமானத்துக்கே அது போதுமாயிருந்தது. சிமுலேட்டரில் அந்தப் பட்டையின் விளைவு தெரிகிறதா என்பதைத்தான் முதல் நாளே சோதிக்கப் போகிறேன், சண்டையெல்லாம் அப்புறம்.

அதே காலத்து இன்னொரு கடற்படை விமானமான ஹெல்கேட்டுக்குக் காத்திருக்கலாமே என்று கேட்டவருக்கு: அது சாதுவான விமானம். எனக்கு அடங்காததுதான் வேண்டும்.