ஜீப்பில் ஃபோர் வீல் லிவர் மாட்டிக்கொண்டது – டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கணுமா?

மேட்டுக்காரன்:
வணக்கம். என்னுடையது 1988 மாடல் டீசல் ஜீப். முன் ஆக்ஸிலைச் சேர்க்க ஒரு லிவர், ஹை–லோ (சாதாரண ஓட்டம், மெதுவான அதிக இழுவை) மாற்ற இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துச் சேற்றில் ஃபோர் வீல் போட்டவன், எடுக்க மறந்து தார் ரோட்டிலேயே போடி வரை இறங்கிவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. பிரேக் பிடித்தபடி ஓடுவதுபோல் வண்டி திணறியது. வீட்டு வாசலில் லிவரை இழுத்தால் அசையவே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸை (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துவிடும் பெட்டி) இறக்கிப் பார்க்க மெக்கானிக் 18,000 ரூபாய் கேட்கிறார். வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழையஇரும்பு:
லிவரை இழுத்தால் உள்ளே பல்சக்கரத்தை நகர்த்துகிற ஃபோர்க் வளைந்திருக்கும். இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்பேனர்மாமா:
இறக்காதீங்க தம்பி. இது பழுதே இல்லை, முறுக்கு. இந்த வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஷாஃப்டில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். அதுதான் உள்ளே பல்லை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

மண் தரைக்குக் கொண்டுபோய், ஸ்டீயரிங்கை ஒடித்தபடி நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு லிவரை மெதுவாக இழுங்கள், சுத்தியல் வேண்டாம். ஹை–லோ லிவர் ஹையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லோவில் இருந்தால் முன் ஆக்ஸிலை விடவே விடாது, பழைய ராணுவ ஜீப்பான வில்லிஸ் காலத்திலிருந்தே உள்ளே அப்படி ஒரு பூட்டு உண்டு.

அதற்கும் வரவில்லையா? மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். முறுக்கு விடும்போது சக்கரம் சட்டென்று சுற்றும், கையைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம், நாலு டயரும் ஒரே தேய்மானமா?

மேட்டுக்காரன்:
மாமா, வந்துவிட்டது! கோபத்தில் இழுத்ததில் மற்ற லிவர் லோவுக்குப் போயிருந்தது, எனக்கே தெரியவில்லை. ஹைக்கு மாற்றி, பக்கத்துக் காலி மனையில் ரிவர்ஸ் எடுத்தேன். இரண்டாவது தடவை அடியில் "டங்" என்று ஒரு சத்தம், லிவர் தானாகவே விழுந்த மாதிரி வந்தது. டயர் விஷயம்தான் உதைக்கிறது. பின்னால் போன மாதம் போட்ட புது ஜோடி, முன்னால் மொட்டை.

ஸ்பேனர்மாமா:
நினைத்தேன். புது டயரின் விட்டம் 72 செ.மீ., தேய்ந்தது 70 என்று வையுங்கள். நேர் ரோட்டிலேயே ஒரு கிலோமீட்டருக்கு முன்சக்கரம் 12 சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றணும். வளைவில் வருவதும் அதே பக்க முறுக்கு, ரெண்டும் சேர்ந்துகொள்ளும். முன்னால் இரண்டையும் மாற்றாமல் மறுபடி ஃபோர் வீல் போடாதீர்கள்.

பழையஇரும்பு:
ஃபோர்க் என்று நான் சொன்னதை விட்டுவிடுங்கள். என் வண்டியில் 2 வருஷம் முன்னால் இதற்காகவே இறக்கினேன். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. டயரை யாரும் பார்க்கவில்லை.

மேட்டுக்காரன்:
முன் ஜோடிக்குச் சொல்லியாச்சு. அதுவரை சேற்றுப் பாதைக்கு நடைதான்.