இரண்டரை வயது மகனுக்கு நீச்சல்: டர்பனில் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் வீட்டில் மகன் நீச்சல் குளத்தில் விழுந்துவிட்டான். கத்தவில்லை, கையை அடிக்கவில்லை, சத்தமே இல்லை. பக்கத்தில் நின்ற அவன் மாமா உடனே தூக்கிவிட்டார். குளத்துக்கு வேலி இருந்தது. கதவைத்தான் செங்கல் வைத்துத் திறந்து விட்டிருந்தார்கள்!

ஒரு வயதிலிருந்தே வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார் குழந்தை மருத்துவர். ஆனால் நீச்சல் பழகினாலும் கைக்கு எட்டும் தூரத்தில் நாம் இருக்க வேண்டுமாம். கையில் மாட்டும் காற்றுப் பட்டையையும் நம்பக் கூடாதாம்.

அம்மாவோ அப்பாவோ கூடவே தண்ணீரில் இறங்கும் வகுப்பு பக்கத்தில் உண்டா? மல்லாந்து மிதக்கவும், சுவரைப் பிடித்துக்கொள்ளவும் முதலில் சொல்லித் தர வேண்டும். அப்புறம், தலையில் தண்ணீர் ஊற்றினாலே இப்போது அலறுகிறான். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் எப்படிப் போனது? டிசம்பர் வெயிலுக்கு முன் தொடங்க ஆசை.