புதுப்பிப்பு: பழைய காரின் ரிமோட் சாவி சரியாகிவிட்டது, காரணம் பேட்டரி அன்று, சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு)

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. ஈரோட்டில் வாங்கிய பழைய காரின் ரிமோட், புதிய பேட்டரி போட்ட பின்னும் கதவைத் திறக்கவில்லை. ஆனால் அதே சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டிருந்தேன். சாவிக்குள் இருக்கும், வேறு சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இம்மொபிலைசர் சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை இக்னிஷனைச் சுற்றியுள்ள வளையத்திலிருந்தே பெறுவதால் அதற்கும் ரிமோட்டுக்கும் தொடர்பில்லை என்று ஒருவர் விளக்கியது குழப்பத்தைத் தீர்த்தது.

முதலில், பொத்தானை அழுத்தியபடியே சிஆர்2032 பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தேன். 3 வோல்ட் குறையாமல் நின்றதால் பேட்டரி நல்லது என்று உறுதியானது. ரிமோட் வேலை செய்கிறதா என்று அறிய, கைபேசிக் கேமராவில் ஒளி தெரிகிறதா என்று பார்க்கும் முறை டிவி ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிருக்கே பொருந்தும்; கார் ரிமோட் ரேடியோ அலையில் இயங்குவதால் இங்கே பயன்படாது.

பலன் தந்தது, பேட்டரியைப் பிடிக்கும் தகட்டின் சால்டரிங்கைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்ன யோசனைதான். மயிரிழை போன்ற விரிசல் இருந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் செல்போன் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் அதை மிகப் பொறுமையாகச் சரிசெய்து கொடுத்தார்.

எதிர்பாராதது ஒன்று: அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ரிமோட்டின் குறியீடு மாறும் என்பதால், கடையில் சோதிக்கத் திரும்பத் திரும்ப அழுத்தியதில் வண்டி எதிர்பார்க்கும் குறியீடுகளின் வரம்பைத் தாண்டிப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வண்டியின் கையேட்டில் உள்ளபடி சாவியை இக்னிஷனில் திருப்பி வைத்துப் பூட்டும் பொத்தானை அழுத்தியதும் இணைந்துவிட்டது. இம்முறை வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள்.