மலிவு ஸ்பாட் வெல்டருக்கு லிப்போ போதுமா, ஃபியூஸ் தேவையா?

நிக்கல்பட்டை:
18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல்களை நிக்கல் பட்டையால் இணைக்க, 12 வோல்ட்டில் இயங்கும் மலிவான ஸ்பாட் வெல்டர் (கணநேரம் பெரும் மின்னோட்டம் பாய்ச்சி உலோகத்தைப் பற்றவைக்கும் கருவி) போர்டு ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். முதலில் கார் பேட்டரியில் இணைத்திருந்தேன். இப்போது 5000 எம்ஏஎச் திறனுள்ள மூன்று செல் லிப்போவுக்கு (லித்தியம் பாலிமர் பேட்டரி) மாறிவிட்டேன். 0.15 மி.மீ. நிக்கல் பட்டை நன்றாகப் பற்றுகிறது. ஃபியூஸ் போடவில்லை. ஒவ்வொரு மின்துடிப்பும் ஆறு மில்லி நொடிதான் என்பதால் அதற்குள் ஃபியூஸ் உருகப் போவதில்லை. வீணாக மின்தடையைக் கூட்டி வெல்டை வலுவிழக்கச் செய்யும் என்பதே என் கருத்து.

செம்புக்கம்பி:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. மாஸ்ஃபெட்டுகள் (போர்டில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகள்) நலமாக இருக்கும் வரைதான் துடிப்பு ஆறு மில்லி நொடியில் முடியும். அவை பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகியே நின்றுவிடுகின்றன. பிறகு ஓட்டத்தை நிறுத்துவதற்கு போர்டில் எதுவும் இல்லை. 12 வோல்ட்டும் 600 ஆம்பியரும் என்று வைத்துக்கொண்டால், ஆறு மில்லி நொடிக்கு 43 ஜூல் செலவாகிறது. அதே ஓட்டம் ஒரு நொடி நீடித்தால் 7,200 ஜூல். உங்கள் லிப்போவுக்குள் இருப்பதோ ஏறக்குறைய 2 லட்சம் ஜூல்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. வெல்டிங் முனைகள் பட்டையோடு ஒட்டிக்கொண்டன, கேபிளின் உறை புகையத் தொடங்கியது. கார் பேட்டரியில் கவ்வி மட்டும் மாட்டியிருந்ததால் இழுத்து எடுத்துவிட்டேன். லிப்போவின் இணைப்பியாக இருந்திருந்தால், பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொண்ட பின் அதைப் பிரித்திருக்க முடியாது.

நிக்கல்பட்டை:
நீங்கள் கூறும் ஆபத்தை மறுக்கவில்லை. ஆனால் ஃபியூஸ் சேர்த்தால் வெல்ட் வலுவிழக்கும் என்ற என் கேள்விக்குப் பதில் வரவில்லையே?

செம்புக்கம்பி:
கணக்கிட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டில் 600 ஆம்பியர் ஓடுகிறதென்றால் சுற்றின் மொத்த மின்தடை 20 மில்லி ஓம். ஃபியூஸும் அதன் இணைப்புகளும் அரை மில்லி ஓம் சேர்த்தால் ஓட்டம் 585 ஆம்பியராகும், பற்றுமிடத்தில் எழும் வெப்பம் சுமார் 5 சதவீதம் குறையும். துடிப்பை ஆறிலிருந்து 6.3 மில்லி நொடியாக்கினால் அது ஈடாகிவிடும். துடிப்பில் ஃபியூஸ் உருகாது என்று நீங்கள் சொன்னதுதான் நமக்கு வேண்டியதும்: 600 ஆம்பியரை ஆறு மில்லி நொடி தாங்கி, அதே ஓட்டம் நீடித்தால் உருகிவிட வேண்டும். தயாரிப்பாளர் தரும் நேரம்–மின்னோட்ட வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நேர்மின்னோட்டத்தில் எவ்வளவு ஷார்ட் ஓட்டத்தை அந்த ஃபியூஸ் பத்திரமாகத் துண்டிக்கும் என்பதையும் பாருங்கள். அந்த அளவு போதாவிட்டால் உருகிய இடைவெளியில் மின்வில் (காற்றின் வழியே பாயும் மின்சாரம்) நின்று எரியும்.

மின்தூண்டல்:
இருவரும் விளைவைப் பற்றியே பேசுகிறீர்கள். மாஸ்ஃபெட் ஏன் சாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் அளவிலான கேபிள் வளையத்துக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டல் (ஓட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) உண்டு. 600 ஆம்பியரைப் பத்து மைக்ரோ நொடியில் நிறுத்தினால் அதில் 60 வோல்ட் எழும். 40 வோல்ட் வரை தாங்கும் மாஸ்ஃபெட்டுக்கு அது மிக அதிகம். கேபிள்கள் தடிமனாகவும் குட்டையாகவும் ஒன்றையொன்று ஒட்டியும் செல்ல வேண்டும், எக்காரணம் கொண்டும் சுருட்டி வைக்கக் கூடாது. இன்னொரு காரணம், வலுவற்ற பேட்டரி. மாஸ்ஃபெட்டைத் திறக்கும் கேட் மின்னழுத்தமும் அதே பேட்டரியிலிருந்து வரும் போர்டுகளில், துடிப்பின்போது பேட்டரி சரிந்தால் மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து தானே வெந்துவிடும். லிப்போவின் மேலுறையில் அச்சிட்டிருக்கும் சி எண்ணை (எவ்வளவு ஓட்டம் தர முடியும் என்பதைக் குறிக்கும் எண்) அப்படியே நம்பிவிடாதீர்கள்.

செம்புக்கம்பி:
முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் காரணங்களைக் குறைத்துவிட்டோம் என்பதற்காக ஃபியூஸை விட்டுவிட முடியாது.

நிக்கல்பட்டை:
ஃபியூஸைப் பொறுத்தவரை என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே பொருத்துகிறேன். ஆனால் கார் பேட்டரிக்குத் திரும்ப மாட்டேன். சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜனை வெளிவிடுகிறது; காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும், இந்த வேலையோ தீப்பொறி இல்லாமல் நடப்பதில்லை.

செம்புக்கம்பி:
சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு வேலையைத் தொடங்கினால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். உப்பிய லிப்போவுக்கு அப்படி ஒரு வழி இல்லை. இதில் நாம் உடன்படப் போவதில்லை என்று தோன்றுகிறது. நீங்கள் லிப்போவையே வைத்துக்கொள்வதானால், எரியாத தட்டின் மேல், வெல்ட் செய்யும் செல்களிலிருந்து விலக்கி வையுங்கள், ஒவ்வொரு முறையும் உப்பல் இருக்கிறதா என்று பாருங்கள். செல்லின் நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு எதிர்முனையைச் சேர்ந்தது என்பதால், காகித வளையம் ஒட்டாமல் அங்கே பட்டையை வைக்காதீர்கள்.

நிக்கல்பட்டை:
வளையம் ஒட்டுகிறேன், கண்ணாடியும் அணிகிறேன். மோதிரத்தைக் கழற்றும் வழக்கம் இதுவரை இல்லை. இன்று முதல் கழற்றிவிடுகிறேன்.